கோலாலம்பூர் – திருச்சி: தூரம் எவ்வளவு? பயண நேரம் எவ்வளவு?

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் 4 மணி நேரம் ஆகும். சுற்றுலா செல்வோருக்கு இந்த விவரம் போதும். ஊரில் துக்கம் என்று தொலைபேசி வந்து கிளம்புவோருக்கு இது போதாது. “எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள்?” என்று கேட்டு, அதற்கேற்பத்தான் அங்கே காரியத்துக்கு நேரம் குறிப்பார்கள்.

வான்வழி

வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் மலாக்கா நீரிணை, சுமத்ராவின் வடமுனை, வங்காள விரிகுடா ஆகியவற்றைக் கடந்து வேதாரண்யம் பக்கம் தமிழ்நாட்டுக் கரையைத் தொடும். டிக்கெட்டில் குறிக்கப்படும் நேரத்தில் ஓடுபாதைக்குச் செல்வதும், இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வருவதும் அடங்கும். காற்றின் போக்கைப் பொறுத்து சில நிமிடங்கள் கூடலாம், குறையலாம். ‘ரஜூலா’, ‘சிதம்பரம்’ கப்பல்கள் ஓடிய காலத்தில் இதே கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது.

மணி வித்தியாசம்

மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் உள்ளது. 1982-க்கு முன் தீபகற்ப மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் 2 மணி நேரமே வித்தியாசம். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். காலை 9 மணிக்குப் புறப்பட்டால் திருச்சியில் காலை 10.30. திரும்பும்போது காலை 11 மணிக்குக் கிளம்பினால் இங்கே மாலை 5.30. செவ்வாய் அதிகாலை 12.15 விமானம் என்றால், திங்கள் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

வாசல் முதல் வாசல் வரை

காலை 9 மணி விமானத்துக்கு 6 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க, கோலாலம்பூரில் 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 10.30-க்கு இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் சுமார் 60 கிலோமீட்டர். பிற்பகல் 1 மணிக்கு வீட்டை அடையலாம். மலேசிய நேரப்படி அது 3.30. ஆக மொத்தம் பத்தரை மணி நேரம். காரைக்குடி சுமார் 90, மதுரை சுமார் 135 கிலோமீட்டர்.

சென்னைக்கு வான்வழித் தூரம் 2,630 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கிருந்து திருச்சிக்குச் சாலையில் சுமார் 330 கிலோமீட்டர். திருச்சி விமானத்தில் இடமில்லாமல் சென்னை வழியாகச் சென்றால் ஏறக்குறைய 6 மணி நேரம் கூடும்.

விசா

மலேசியக் கடப்பிதழில் செல்வோருக்கு இந்திய விசா தேவை. மின்விசாவுக்குக் குறைந்தது 4 நாள்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. ஓசிஐ அட்டை வைத்திருப்போருக்கு விசா வேண்டியதில்லை. ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ இருந்தால், ஓராண்டு செல்லுபடியாகும் மின்விசாவை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. கடப்பிதழ் 6 மாதமாவது செல்லுபடியாகுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் தகவல் சொல்லும்போது, விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், வீடு சேரும் நேரத்தை இந்திய நேரப்படி சொல்லுங்கள்.