ஈரமும் ஊட்டமும் ஒரே கணக்கு: அருகிவரும் ஈரவலய மரங்களின் இடமாற்றம் பற்றி

இலங்கையின் 2012ஆம் ஆண்டுத் தேசியச் சிவப்புப் பட்டியல் அழிந்துபோனதாகக் குறித்த குருடியா சைலானிக்கா என்ற மரம், 2019இல் கம்பஹா மாவட்டத்தின் தாரலுவையில் உயிரோடு கண்டறியப்பட்டது. 2021 பெப்ரவரியில் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்டும் முயற்சி மக்களின் எதிர்ப்பால் நின்றது. விதையெடுத்து வேறிடத்தில் நட்டு, நீரும் பசளையும் இட்டு வளர்த்தால் போதாதா என்ற கேள்வி இவ்வாறான வேளைகளில் தவறாமல் எழும். நாற்றுப்பண்ணையில் அது நடக்கக்கூடியதே. ஆனால் அக்கேள்வி ஈரத்தையும் ஊட்டத்தையும் இருவேறு சரக்குகளாகக் கொள்கிறது, பிழை அங்கேதான்.

தாழ்நில ஈரவலயத்தின் செம்மஞ்சள் பொட்சோலிக் மண் அமிலத்தன்மையுடையது. அதிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதியை இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் பிடித்து வைத்திருக்கின்றன. மண்ணில் நீர் தேங்கி ஒட்சிசன் குறையும்போது இரும்பு தாழ்த்தப்பட்டு, அதனோடு பிணைந்திருந்த பொசுபரசின் ஒரு பகுதி கரைசலுக்கு வருகிறது. அதே வேளை நைத்திரேற்று வாயுவாக வெளியேறுகிறது. நீர் வடிந்ததும் இரும்பு மீண்டும் பொசுபரசைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் மண்ணின் மொத்த ஊட்டம் குறையாமலே வேருக்குக் கிடைக்கும் பங்கு மாறிவிடும். மண்மாதிரியை ஒரு தடவை எடுத்து மொத்தப் பொசுபரசை மட்டும் அளக்கும் அறிக்கைகளுக்கு இது தெரியாது. நம் சூழல் தாக்க மதிப்பீடுகள் பலவற்றின் குறையும் இதுவே என்பேன்.

குருடியா அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும் என்று எண்ணிவிடலாகாது. அது அடங்கும் டெட்டேரியக் கிளையில் வேர்முடிச்சுகள் பொதுவாக இல்லை. இச்சாதியின் அமேசன் உறவான குருடியா அமேசோனிக்கா, ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் காடுகளில் வாழ்வது. இலங்கை இனமும் அப்படியே என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாதுதான். ஆனாலும் முதலில் அளக்கவேண்டியது நீர்மட்டத்தை என்பதற்கு அது போதிய காரணம்.

சிங்கராஜ மழைக்காட்டில் இதற்கு வலுவான சான்று உண்டு. இலங்கைக்கே உரிய டூனா பிரிவு ஷோரியா மரங்களுள் ஷோரியா மெகிஸ்டோபிலா பள்ளத்தாக்கையும் கீழ்ச்சரிவையும் நாடுகிறது; ஷோரியா வேர்திங்டோனியோ மேட்டு முகட்டில் நிற்கிறது. இரண்டுக்கும் மழை ஒன்றே. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சாவித்திரி குணதிலக, நிமல் குணதிலக ஆகியோரும் உடனாய்வாளர்களும் எட்டு ஷோரியா இனங்களின் நாற்றுகளுக்கு ஊட்டம் சேர்த்துப் பார்த்து, 1997இல் வெளியிட்டனர். நெருங்கிய உறவினங்களாயிருந்தும் அவற்றின் துலங்கல் இனத்துக்கு இனம் வேறுபட்டது. ஒரே பசளைக் கலவையை எல்லா அரிய நாற்றுக்கும் பரிந்துரைப்பவர்கள் இதை வாசிக்கவேண்டும். மேலும், மிகையான பசளை தண்டையும் இலையையும் வேரைவிடக் கூடுதலாக வளர்க்கும். ஷோரியாவின் வேரோடு கூடிவாழும் பங்கசுக்களையும் அது குறைக்கக்கூடும். பண்ணையில் செழித்த கன்று முதல் வறட்சியிலேயே வாடுவது இப்படித்தான்.

கொழும்பின் ஹெவ்லொக் டவுன் போன்ற நகர்ப்பகுதிகளில் சிக்கல் வேறு. மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் அரிய மரக்கன்று நடுவது நல்லெண்ணமே. ஆனால் சீமெந்துச் சிதைவு கலந்த நிரப்பு மண் காரத்தன்மையை நோக்கிச் சாய்ந்து, இரும்பும் மங்கனீசும் வேருக்கு எட்டாமற் செய்யும். தளமிட்ட நிலத்தில் மழை ஊறாமல் வடிகாலுக்கு ஓடுகிறது. அங்கு நின்று பிழைக்கும் மரம் காட்சிமரமாகலாம். தன் விதையால் இனத்தைத் தொடருமா என்பது ஐயமே. 2018இல் ராம்சார் ஈரநில நகராக அங்கீகாரம் பெற்ற கொழும்பில், ஈரநில விளிம்புகள் இதைவிடப் பொருத்தமான சோதனைக்களங்கள். அங்கும் கழிவுநீர் கொண்டுவரும் மிகை ஊட்டம் முதலில் ஆகாயத்தாமரைக்கே உதவும்.

ஆகவே, இடமாற்றத்துக்கு அனுமதி கேட்போர் தாய்மரத்தடியில் இரு பருவமழைகளையும் உள்ளடக்கிய ஓராண்டு நீர்மட்டப் பதிவையும், ஈரக்காலம், வறட்சிக்காலம் இரண்டிலும் வேருக்குக் கிடைக்கும் பொசுபரசின் அளவையும் ஒப்படைக்கவேண்டும். நாற்றுகளை மேட்டிலிருந்து பள்ளம்வரை வரிசையாக நட்டு, பசளை இட்டவை, இடாதவை என ஒப்பிடவேண்டும். அதுவரை தாய்மரத்தைச் சுற்றியுள்ள வடிகாலில் கைவைப்பதும் மரத்தை வெட்டுவதற்குச் சமமாகக் கருதப்படவேண்டும்.