அக்கரைக்கு எத்தனை மணி?

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி எவ்வளவு தூரம் என்று வகுப்பிலே கேட்பேன். வரைபடத்தில் விரல்வைத்து, "பக்கத்திலேதான் சேர்" என்பார்கள். உண்மைதான், கப்பல் வழி ஏறக்குறைய 22 மைல்.

1914இல் புகையிரதத்தையும் கப்பலையும் இத்துறை இணைத்தது. இரவு கொழும்பில் ஏறியவர் காலையில் இங்கே கப்பலேறி, அக்கரை சேர்ந்தார். அங்கே சென்னைக்குப் 'போட்மெயில்' காத்துநின்றது.

எல்லோருக்கும் அது சுகப்பயணமென்று எண்ணவேண்டாம், நேயர்களே. தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமிலே நாட்கணக்கில் மறிக்கப்பட்ட பின்னரே இக்கரை வந்தனர். அவர்களுக்கு முந்தியோர் மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்கள்; வழியிலே மாண்டவர் பலர். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோயிற்று. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதிலேதான் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1980களின் நடுவில் அதுவும் நின்றது. 2015இல் புகையிரதம் துறைக்குத் திரும்பியது. அதை எதிர்பார்த்து நிற்கக் கப்பல்தான் இல்லை.

இன்று மன்னாரார் கொழும்பு வழியே இராமேஸ்வரம் போவதென்றால் தெற்கே கொழும்புக்கு ஆறேழு மணி பஸ்ஸில் போய், கட்டுநாயக்காவில் விமானமேறி, மதுரையில் இறங்கி, மறுபடி கடற்கரைக்கு வரவேண்டும். வானத்திலே இருப்பது ஒரு மணி நேரந்தான்.