தொலைந்த பாட்டைத் தேடிய துறவிகள்



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்பாட்டை ராகம் போட்டுச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு வகுப்பார் நடுவில் ஓரடியைத் தவறாகப் பிடித்துக்கொண்டால், அந்தத் தவறு அடுத்த வகுப்புக்கும் அப்படியே போய்ச் சேரும். வாய்வழியாக வரும் எதற்கும் உள்ள ஆபத்து இது. ஒரு சமயத்தின் வழிபாட்டுப் பாட்டுக்கே இப்படிச் சேதம் நேர்ந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

கத்தோலிக்கத் துறவி மடங்களில் பாடப்படும் பழைய இலத்தீன் பாட்டைக் கிரெகோரியன் கீதம் என்பார்கள். கி.பி. 604இல் மறைந்த போப்பாண்டவர் முதலாம் கிரெகோரியின் பெயரால் வழங்கினாலும், அவரே இயற்றினார் என்பதை ஆராய்ச்சியாளர் இன்று ஏற்பதில்லை. அதற்குத் தாளக்கட்டு கிடையாது. மடத்தில் உள்ளவர்கள் யாவரும் ஒரே குரலாகப் பாடுவார்கள். சில இடங்களில் ஓரெழுத்தைப் பிடித்துக்கொண்டு பல சுரங்களுக்கு இழுப்பார்கள். ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

முதலில் எல்லாம் மனப்பாடம்தான். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் சொற்களின் மேலே சிறு குறிகள் இட்டார்கள். குரல் ஏறுவதையும் இறங்குவதையும் அவை காட்டின. எவ்வளவு என்பதைக் காட்டவில்லை. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துக் குயிதோ என்ற துறவி, கோடுகள் கிழித்து அவற்றில் குறிகளை நிறுத்தும் முறையை வகுத்தார்.

பின்னால் வந்தவர்களுக்கு இந்த நீண்ட இழுப்புகள் பிடிக்கவில்லை. 1614, 1615ஆம் ஆண்டுகளில் ரோமாபுரியில் அச்சான நூலில் அவற்றை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். அச்சில் வந்துவிட்டால் அதுவே சரி என்று நம்புவது மனித சுபாவம் அல்லவா!

பிரான்சில் சார்த் ஆற்றங்கரையில் சொலேம் என்றோர் ஊர். பிரெஞ்சுப் புரட்சியில் மூடப்பட்ட அங்குள்ள மடத்தை, கெராஞ்சே என்ற பாதிரியார் 1833இல் மீண்டும் திறந்தார். வெவ்வேறு நாட்டு, வெவ்வேறு காலத்து ஏடுகள் ஒத்துப்போகும் இடத்தில் பழைய மெட்டு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. அவருடைய துறவிகள் பல நூலகங்களின் ஏடுகளைப் பார்த்துக் கையால் பிரதி எடுத்தார்கள். 1889 முதல் மொக்கெரோ என்ற துறவி ஏடுகளைப் புகைப்படமாகவே வெளியிட்டார். நல்லவனைப் பனைமரத்துக்கு ஒப்பிடும் ஒரே பாட்டுக்கு மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட ஏட்டுப் படங்களை அச்சிட்டுக் காட்டினார்! மறுத்தவர்கள் வாயடைத்துப் போகாமல் என்ன செய்வார்கள்?

1901இல் பிரான்சின் புதுச் சட்டத்தால் துறவிகள் இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போக நேர்ந்தது. வேலை அங்கும் நடந்தது. 1903இல் போப்பாண்டவர் பத்தாம் பத்திநாதர் பழைய கீதத்தையே ஆலயங்களுக்கு உரியதென்று அறிவித்தார். 1908இல் திருத்திய நூல் வெளிவந்தது. அதற்குள் துறவிகளிடையே ஒரு பிணக்கு. மிகப் பழைய ஏட்டையே பின்பற்ற வேண்டும் என்றார் மொக்கெரோ. அவருடைய ஆசிரியர் பொத்தியேயோ, காலப்போக்கில் நிலைத்துவிட்ட வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்றார். பொத்தியேயின் கருத்தே வென்றது. நாமோ மொக்கெரோவின் பக்கம். அத்தனை படங்களைச் சேர்த்த பிறகு ஏட்டை விட்டு விலகுவானேன்?

1922இல் அவர்கள் சொலேமுக்குத் திரும்பினார்கள். 1963இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடம் தந்தது. தமிழ்ப் பூசையும் தமிழ்ப் பாட்டும் நம் ஆலயங்களில் ஒலிப்பது அதனால்தான். இலத்தீன் கீதத்துக்கே முதலிடம் என்று அதே சங்கம் எழுதியிருந்தும், பெரும்பாலான கோயில்களில் அது ஓய்ந்துபோயிற்று. சொலேமிலோ துறவிகள் இன்றும் நாள்தோறும் பலமுறை கூடி அதைப் பாடுகிறார்கள். வெளியார் பின் வரிசையில் அமர்ந்து கேட்கலாம்.