சுவாமி மலையைக் கண்ட ஸ்கொத்லாந்து ஓவியர்

திருக்கோணமலையின் வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டுகளையும் தலபுராணங்களையும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏடுகளையும் நாடுவர். நிலக்காட்சி ஓவியர் ஒருவரின் பயண நூலும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

கொன்ஸ்ரன்ஸ் பிரெடரிக்கா கோர்டன் கமிங் 1837ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் ஆல்ற்றயர் என்னும் ஊரில், நிலக்கிழார் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஓவியப் பள்ளி எதிலும் பயிலாது தாமே நீர்வண்ணக் கலையிற் கைதேர்ந்தார். 1868இல் இந்தியாவுக்குப் புறப்பட்டது அவரது நெடும்பயணங்களின் தொடக்கம். நாளொன்றுக்கு ஓர் ஓவியமேனும் தீட்டாது விடுவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியதி. அவ்வாறு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின. பிஜி, கலிபோர்ணியா, சீனம் எனப் பல நாடுகளை அவர் வரைந்தார், எழுதினார்.

1870களின் முற்பகுதியில், கொழும்புப் பிஷப்பாயிருந்த ஜெர்மின் அவர்களின் விருந்தினராய் இலங்கைக்கு வந்து ஏறத்தாழ ஈராண்டு தங்கினார். அப்பயணத்தில் திருக்கோணமலையையும் கண்டார். அவர் கண்ட சுவாமி மலையில் கோயில் இல்லை. 1620களிற் போர்த்துக்கேயர் அதனை இடித்து, அக்கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். மீளக் கட்டிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்ததோ 1963இல். இடைப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கோணேசர் வழிபாடு அற்றுப்போயிருந்ததா?

இல்லை என்பதற்கு அம்மையாரின் நூல் ஒரு சான்று. ஆங்கிலேயப் படை தங்கியிருந்த பிரெடரிக் கோட்டையின் ஊடே அடியார் சென்று, கடலை நோக்கிய செங்குத்துப் பாறையில் நின்று வழிபட்டனர். பூசகர் பூவும் படையலும் கடலில் இட்டார். விமானம் இல்லை, மண்டபம் இல்லை, பாறையே கோயில். அம்மையார் கிறித்தவ மிஷன் பணிகளை ஆதரித்தவர். ஆதலின் சைவ வழிபாடு பற்றிய அவரது மதிப்பீட்டை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் பாறையின் சரிவையும் மக்கள் நின்ற நிலையையும் உற்று நோக்கிய ஓவியக் கண் வேறு, சமயத் தீர்ப்பு வேறு.

இலங்கை பற்றிய அவரது நூல் 1892இலேயே வெளிவந்தது. கண்டதற்கும் அச்சேறியதற்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. அதனினும் கவனிக்கத்தக்கது, அவர் செவிவழி கேட்டவற்றையும் எழுதினார் என்பது. மலைமேல் 1687இல் ஒல்லாந்தர் நாட்டிய தூண், காதலனைப் பிரிந்து கடலிற் பாய்ந்த பிரான்சினா என்னும் மங்கையின் நினைவாம்! அக்காலத்தார் நம்பிய கதை அது. அம்மங்கை அதன் பின்னரும் வாழ்ந்து மணம் புரிந்தமையைப் பிற்கால ஆய்வாளர் ஒல்லாந்தர் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டியுள்ளனர். தூண் மாத்திரம் பழைய கோயிலின் தூண் என்றே கருதப்படுகிறது.

அம்மையார் முதுமையில் ஸ்கொத்லாந்தின் கிரீவ் நகரில் வாழ்ந்து, 1924இல் மறைந்தார்.