எந்தப் பதிப்பின் கையேடு?

நம்ம பெங்களூர் இன்போசிஸ் 1990-களில் பாங்க்ஸ்2000 என்று விற்ற வங்கி மென்பொருள்தான் பின்னால் பினாக்கிள் ஆனது. ஏழாம் பதிப்பில் வரவு பற்று பதிய டிஎம் என்று அடிப்போம். பத்தாம் பதிப்பில் எச்டிஎம்.

நான் முன்பிருந்த வங்கியின் உள்வலைத்தளத்தில் இரண்டு கையேடுகளும் பதிப்பு எண் இல்லாமல் கிடந்தன. புதுப்பையன் பழையதைப் பார்த்துத் திணற, ஒரு பெரியவரின் பென்ஷன் சாயங்காலம் வரை நின்றது. மேலதிகாரி பழையதை அழிக்கச் சொன்னார், அழித்தோம். பிறகு ஆடிட்டர் பழைய பதிவுகளைக் கேட்டபோது விழித்தோம்.

பைதான் நிரல்மொழிக்காரர்கள் இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ல் ஆதரவை நிறுத்தினார்கள். கையேட்டை அழிக்கவில்லை, பதிப்பு எண்ணோடு, 'இது பழையது' என்ற எச்சரிக்கையும் போட்டு வைத்தார்கள்.

பழைய பேரேட்டை நாமும் எரிப்பதில்லையே? வருஷம் எழுதித்தானே அடுக்குகிறோம்!