செம்மணியின் எலும்புகளும் உயிரோடிருக்கும் பெண்களும்

மம்சாபுரத்துக்கு அருகே, ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே மொட்டமலை முகாம் இருக்கிறது. ஈழத்துப் போரிலிருந்து கடல் கடந்து தப்பி வந்த குடும்பங்கள் வாழும் இடம். 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. அம்மக்கள் எதிலிருந்து தப்பி வந்தார்கள் என்பதை அண்டை வீட்டாராகிய நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

1996 செப்டம்பர் 7. யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி, உயர்தரத் தேர்வொன்றை எழுதிவிட்டு மிதிவண்டியில் கைதடியிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வயது 18. செம்மணி சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் அவரைத் தடுத்து நிறுத்தினர். கூட்டாக வன்கொடுமை செய்து கொன்று புதைத்தனர். மகளைத் தேடிச் சென்ற தாயும், தம்பியும், உடன் சென்ற அயலவரும் திரும்பவில்லை.

1998 ஜூலையில் கொழும்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது தண்டிக்கப்பட்டவர்களுள் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்திலேயே கூறினார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15 எலும்புக்கூடுகள். பின்னர் மண் மூடியது, உலகமும் மறந்தது. 2025இல் செம்மணி சித்துபாத்தி மயானத்தில் மீண்டும் அகழ்ந்தபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் குழந்தைகளுடையவையும் இருந்தன. பள்ளிப் பை, பொம்மை, பால்புட்டி முதலியவற்றை மக்கள் அடையாளம் காண்பதற்காகப் பார்வைக்கு வைத்தார்கள்.

ஈழத்தமிழர்கள் தமக்கு நேர்ந்ததை இனப்படுகொலை என்றே நினைவுகூர்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த மே 18 அவர்களின் நினைவு நாள். 2022இல் கனடா நாட்டின் மக்களவை அந்நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது.

இங்கே நம் சமுதாயத்தில் ஒரு தயக்கம் எழுவதை நாம் அறிவோம். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். அதே அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை ஊரைவிட்டே விரட்டினார்கள். அந்த ஷஹீத்களை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் துப்பாக்கி ஏந்தியவர்கள் செய்த குற்றத்தைத் தேர்வெழுதிவிட்டு வீடு திரும்பிய ஒரு மாணவியின் கணக்கில் எழுத எந்த நியாயமும் இல்லை. காத்தான்குடிக்காக அழும் கண்ணுக்குச் செம்மணிக்காக அழும் கடமையும் உண்டு.

இறந்தவர்களுக்கு நாளும் இடமும் கிடைத்துவிடுகின்றன. வன்கொடுமைக்கு ஆளாகி உயிர் தப்பிய பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? எடுத்துக்காட்ட அவளிடம் பையோ பால்புட்டியோ இல்லை. வாய் திறந்தால் திருமணம் நின்றுபோகும், தங்கையின் வரனும் தட்டிப்போகும் என்று அவளுடைய உறவினரே அவளை அடக்கி வைக்கிறார்கள்.

இதில் நம் உம்மத்துக்கே ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1971இல் கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் இராணுவம் இலட்சக்கணக்கான பெண்களைச் சீரழித்தது. அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் முஸ்லிம் பெண்கள். சீரழித்தவர்களும் கலிமாச் சொன்னவர்களே. இதைப் பேசாமல் போஸ்னியாவை மட்டும் பேசுவது நேர்மையாகாது. விடுதலைக்குப் பின் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அரசு அப்பெண்களுக்கு ‘பீராங்கனா’, அதாவது வீராங்கனை என்று பட்டமளித்தது. நோக்கம் உயர்ந்தது. ஊரோ அப்பட்டத்தையே வசைச்சொல்லாக மாற்றிவிட்டது. பல குடும்பங்கள் அவர்களை ஏற்கவில்லை. சிற்பி ஃபிர்தவ்ஸி பிரியபாஷினி தமக்கு நேர்ந்ததைப் பொதுவெளியில் கூற 1990கள் வரை ஆயிற்று. இத்தகைய பெண்களை விடுதலைப் போராளிகளாக அரசு பட்டியலிடத் தொடங்கியது 2015இல்தான். அதற்குள் எத்தனையோ பேர் மண்ணறைக்குப் போய்விட்டார்கள். பட்டம் வழங்க அரசால் முடிந்தது, மருமகளாக ஏற்கச் சொல்ல முடியவில்லை.

மார்க்கம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் தொழுகைக்குப் புறப்பட்ட ஒரு பெண் வழியில் பலவந்தப்படுத்தப்பட்டார். பெருமானார் அவரைக் குற்றம் சாட்டவில்லை. அல்லாஹ்வின் மன்னிப்பை எடுத்துச் சொல்லி அனுப்பினார்கள். திர்மிதியும் அபூதாவூதும் இதைப் பதிவு செய்துள்ளன. பத்தினிப் பெண்கள் மீது அவதூறு சொல்வோருக்கு அந்நூர் அத்தியாயம் விதிக்கும் தண்டனை 80 கசையடி. ஜும்ஆ பயான்களில் இவ்வசனத்தை நாம் கேட்கிறோம், தெருவிலும் திருமணப் பேச்சிலும் மறந்துவிடுகிறோம்.

மொட்டமலையிலோ வேறெந்த முகாமிலோ இருக்கும் ஒரு பெண்ணிடம் போய், உனக்கு என்ன நடந்தது என்று கேட்க நமக்கு உரிமையில்லை. அவரே சொல்ல விரும்பினால் இடைமறிக்காமல் கேட்கலாம். கேட்டதை அமானிதமாகக் காக்க வேண்டும். மருத்துவமனைக்கோ மனநல ஆலோசனைக்கோ போக விரும்பினால் நம் பெண்களில் ஒருவர் துணைக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. அதை ஜமாஅத் அறிவிப்புப் பலகையில், பெண்கள் தொழும் பகுதியிலும் சேர்த்து, எழுதி வைக்க ஒரு சுண்ணக்கட்டி போதும்.