விடிலிப் புகையும் ஐலாத் தீவும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஐலா தீவின் விஸ்கியை முதன்முறை முகர்பவர்கள் மருத்துவமனை நெடி, அயோடின், கடற்பாசி என்றெல்லாம் சொல்வதுண்டு. நண்பர் வீட்டில் லகாவுலினையும் ஆர்ட்பெக்கையும் அடுத்தடுத்து ஒரு மிடறு அருந்தியபோது எனக்கு நினைவு வந்தது பனங்காட்டு விடிலி, பதநீர் காய்ச்சும் அந்த ஓலைக்குடில். லகாவுலினில் இனிப்புக்குப் பின்னால்தான் புகை வந்தது. ஆர்ட்பெக்கில் கரியும் உப்புமாகப் புகையே முந்திக்கொண்டது.

இந்த ஒப்புமை வெறும் மனமயக்கம் அன்று. ஐலாவில் மரங்கள் குறைவு. விறகுக்குப் பதிலாகக் கிடைத்தது பீட் எனப்படும் மட்கிய சதுப்புமண். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, அந்த மண் எரியும் அனலில் உலர்த்துவர். புகையிலுள்ள பீனால்கள் தானியத்தில் படிந்துவிடும். பின்னர் நொதிக்கவைத்து, செப்புக்கலத்தில் வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிரவைத்த பின்னும் அந்த மணம் நீங்குவதில்லை. உலகம் விலைகொடுத்து வாங்கும் அச்சுவை விறகுப் பஞ்சத்தில் பிறந்தது.

முளைகட்டிய தானியத்தில் மது ஆக்குவது தமிழருக்கும் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் அரிசிக் களியை ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, சாடியில் இருநாள் விளையவைப்பதைக் கூறுகிறது. திருமுருகாற்றுப்படையில் குறவர் மூங்கிற் குழாயில் நெடுநாள் முதிரவைத்த தேறல் வருகிறது. மால்ட்டும் உண்டு, முதிர்வும் உண்டு. வகுப்பில் இவ்விடங்களை நாம் சற்றுக் கூச்சத்துடன் கடந்துவிடுகிறோம் என்பது வேறு கதை.

அவை தொண்டைநாட்டுக்கும் மலைக்கும் உரியவை. தாமிரபரணியின் வயல்களைத் தாண்டித் தெற்கே போனால் செம்மணல் தேரி. அங்கே நெல் இல்லை, பனைதான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள் ஒரே நாளில் புளித்துக் கெடும். சேமிக்க வேண்டுமானால் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்ச வேண்டும். அடுப்புக்குக் காய்ந்த ஓலை, மட்டை, உடைமுள். மணிக்கணக்காகக் கொதிக்கும் பாகின் மேல் அப்புகை சுழலும். ஐலாவைப் போலவே இங்கும் கிடைத்த எரிபொருளே சுவையாயிற்று.

கிளாஸ்கோவில் பயின்று 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், 1849இல் வெளியான தம் நூலில் பனையேற்றத்தையும் கருப்பட்டியையும் விரிவாக எழுதினார். அந்நூலின் சாதிக் கணிப்புகளை நாடார் சமூகம் கடுமையாக எதிர்த்தது, நியாயமாகவே. பனைத்தொழில் பற்றிய பகுதி இன்றும் பயன்படும்.

சட்டம் இரு நிலங்களையும் ஒன்றாக நடத்தவில்லை. 1823இன் கலால் சட்டம் ஸ்காட்லாந்தில் உரிமம் பெற்று வடிப்பதை எளிதாக்கியது. திருட்டுத்தனமாக வடித்தவர்கள் பலர் தொழிலதிபர்களாயினர். சென்னை மாகாணத்தில் 1886இன் அப்காரிச் சட்டம் பனைமரத்தை வரிக்குரிய பொருளாகப் பார்த்தது. பிறகு மதுவிலக்கு, தளர்வு, மீண்டும் விலக்கு. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை; ஆனால் 2003 முதல் அரசே கடை நடத்தி விஸ்கியை விற்கிறது. அவற்றில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகின் சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. புகையும் இல்லை, நிலமும் இல்லை. இந்த முரணை எவ்வளவு பேசினாலும் எனக்குச் சலிப்பதில்லை. பெங்களூரின் அம்ருத் 2004இல் கிளாஸ்கோவிலேயே தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தியது. அதன் புகைவகைக்கு வேண்டிய வாற்கோதுமை மட்டும் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையேறுவோர் அருகிவர, சந்தையில் சீனி கலந்தவையே மிகுதி. சென்ற பங்குனியில் மூன்று கடைகளில் ஒவ்வொரு வட்டு வாங்கி, உடைத்து, விஸ்கியைப் போலவே முகர்ந்து சுவைத்தேன். முதலாவதில் இனிப்பு மட்டும். இரண்டாவது பளபளத்தது, நாவில் சீனியின் நெருநெருப்பு. மூன்றாவது கறுத்து, சற்றுக் கசந்து, தொண்டையில் உப்பாக இறங்கியது. அதில் மட்டும் ஓலைப்புகை இருந்தது.